இரண்டு முதலமைச்சர்களை ஒப்பிட்டு எழுதுவது எப்படி

‘காமராஜர் ஆட்சி பெரிதா, எம்ஜிஆர் ஆட்சி பெரிதா’ என்று தொடங்கும் கட்டுரை ஊர் போய்ச் சேராது. எழுதுகிறவர் முதல் வரியிலேயே ஒருவரை மனத்தில் உட்கார வைத்துவிடுவார். பிறகு தேடி எடுக்கிற தகவலெல்லாம் அவருக்கு மாலை போட மட்டுமே வரும். கேள்வியைச் சுருக்க வேண்டும். ‘பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டில் யார் என்ன செய்தார்கள்?’ என்று கேட்டால் பதில் கிடைக்கும். 2,000 சொற்களில் எழுதப் போகிறீர்கள் என்றால் 2 தலைவர்கள், 3 துறைகள் போதும். ஐந்து முதல்வர்களை எல்லாத் துறையிலும் ஒப்பிட இறங்கினால் ஒவ்வொன்றுக்கும் நாலு வரிதான் மிஞ்சும். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் அந்த நாலு வரியில் சொல்ல முடியும்.

இங்கே சொல்லும் முறைக்கு அடிப்படை ஒன்றே. ஒருவருடைய தடம் எவ்வளவு ஆழம் என்பது, அவரைத் தோற்கடித்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். எதிர்க்கட்சி வந்தும் எது நின்றது, எது பெயர் மாறி நின்றது, எது போனது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது எளிது, ஏனென்றால் இங்கே ஆட்சி பலமுறை கைமாறியிருக்கிறது.

இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் தலைப்பில் ‘வாழ்க்கை’ என்றும் மற்றதில் ‘விட்டுச் சென்றது’ என்றும் எழுதுங்கள். இந்த இரண்டையும் கலப்பதால்தான் பாதிக் கட்டுரைகள் கெடுகின்றன. கருணாநிதி 1957 முதல் 2016 வரை தான் நின்ற 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் தோற்கவில்லை. காமராஜர் 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார். இவை முதல் தாளுக்கு உரியவை. யாருடைய பள்ளிக்கொள்கை நிலைத்தது என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை.

முதலில் நாட்காட்டி

ஆட்சிக்காலத்தை ‘1967–69’ என்று ஆண்டாக எழுதாதீர்கள், தேதியாக எழுதுங்கள். அண்ணா பொறுப்பேற்றது 1967 மார்ச் 6. மறைந்தது 1969 பிப்ரவரி 3. எண்ணிப் பார்த்தால் 700 நாள். காமராஜர் 1954 ஏப்ரல் 13 முதல் 1963 அக்டோபர் 2 வரை, இடையில் ஒரு நாளும் விடாமல் ஒன்பதரை ஆண்டுகள் இருந்தார். அணைக்கட்டு, தொழிற்பேட்டை போன்ற வேலைகளுக்கு 700 நாள் காணாது. அடிக்கல் நாட்டி முடிப்பதற்குள் போய்விடும். ஒரு தீர்மானத்துக்கோ சட்டத்துக்கோ அது தாராளம். அண்ணாவின் கணக்கில் இருப்பவையும் அவைதான்: சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு, 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம், 1969 ஜனவரி 14-இல் நடைமுறைக்கு வந்த ‘தமிழ்நாடு’ என்ற பெயர். எனவே இவ்விருவரையும் ‘யார் அதிகம் கட்டினார்கள்’ என்று ஒப்பிடுவது நியாயமில்லை. சட்டம் என்ற ஒரே துறையை வைத்து ஒப்பிடுங்கள்.

ஆட்சிக்கலைப்புகளையும் நாட்காட்டியில் குறியுங்கள். கருணாநிதி ஆட்சி 1976 ஜனவரி 31-இலும் 1991 ஜனவரி 30-இலும் கலைக்கப்பட்டது. எம்ஜிஆர் ஆட்சி 1980 பிப்ரவரி 17-இல் கலைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூன் 9-இல் தேர்தலில் வென்று திரும்பியது. ஜெயலலிதா நீதிமன்றத் தீர்ப்புகளால் 2001-இலும் 2014-இலும் பதவி விலக நேர்ந்தது. ‘திட்டத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டார்’ என்று எழுதும் முன் அந்தப் பாதியில் அவர் நாற்காலியில் இருந்தாரா என்று பாருங்கள்.

நாட்காட்டிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் வரைய வேண்டும். ஒன்று, சட்டமன்றத்தில் எத்தனை பேர். 1971-இல் 184 இடங்களோடு இருந்த கருணாநிதியும், 2006-இல் 96 இடங்களோடு காங்கிரஸ் ஆதரவில் நின்ற கருணாநிதியும் ஒரே வேகத்தில் நடந்திருக்க முடியாது. மற்றது, டெல்லியில் யார். காமராஜர் காலம் முழுவதும் டெல்லியில் அவருடைய கட்சியே ஆண்டது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் ஒன்றிய அரசின் முதலீடுகள். அவற்றைக் காமராஜர் பக்கம் எழுதலாம். ஆனால் ‘ஒன்றிய முதலீடு, மாநிலத்தின் ஒத்துழைப்பு’ என்ற குறிப்போடு எழுதுங்கள். அந்தக் குறிப்பை விட்டுவிட்டால், டெல்லியோடு முரண்பட்டு நின்ற முதல்வர்கள் எல்லோரும் சோம்பேறிகளாகத் தெரிவார்கள்.

இடங்களையும் வாக்குகளையும் குழப்பாதீர்கள். 1967-இல் தி.மு.க. 137 இடங்களை வென்றது, காங்கிரசுக்கு 51. வாக்கு விகிதமோ காங்கிரசுக்கு 41.1, தி.மு.க.வுக்கு 40.7. தி.மு.க. 174 தொகுதிகளில் மட்டும் நின்று, மற்றவற்றைக் கூட்டணிக்கு விட்டதும் இதில் சேரும். ‘மக்கள் காங்கிரசைத் துடைத்தெறிந்தார்கள்’ என்ற வழக்கமான வரியை இந்த எண்கள் தாங்கா. இவை தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் தொகுதிவாரியாகவே இருக்கின்றன. இரண்டாம் கையிலிருந்து எடுக்கத் தேவையே இல்லை.

எந்த மாநிலம், எத்தனை பேர்

1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1-இல் மலபார் கேரளத்துக்குப் போனது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தன. ‘1952-இல் இவ்வளவு பள்ளிகள், 1962-இல் இவ்வளவு பள்ளிகள்’ என்று எழுதினால் இரண்டு வெவ்வேறு மாநிலங்களை ஒப்பிடுகிறீர்கள். அதிலும் கன்னியாகுமரி எழுத்தறிவில் முன்னே நின்ற பகுதி. அது வந்து சேர்ந்ததாலேயே சராசரி கொஞ்சம் ஏறும், அந்த ஏற்றத்துக்கு எந்த ஆட்சியும் உரிமை கொண்டாட முடியாது. 1957-இலிருந்து கணக்கைத் தொடங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எழுத்தறிவில் இன்னொரு குழி உண்டு. 1971 வரையிலான கணக்கெடுப்புகளின் விகிதங்களை இப்போது 5 வயதுக்கு மேற்பட்டோரை வைத்துத் தருகிறார்கள், 1981 முதல் 7 வயதுக்கு மேற்பட்டோரை வைத்து. பழைய புத்தகங்களிலோ மொத்த மக்கள்தொகைக்கான விகிதம் இருக்கும். ஒரே ஆண்டுக்கு இரண்டு மூன்று எண்கள் சுற்றுவது இதனால்தான். 1991, 2001, 2011 மூன்றுக்கும் அளவுகோல் ஒன்று: 62.66, 73.45, 80.09. இந்த மூன்றையும் அச்சமின்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். அதற்கு முந்தையதைச் சேர்த்தால் எந்த அளவுகோல் என்று அதே வரியில் சொல்லிவிடுங்கள்.

பயனாளிகளின் எண்ணிக்கையைத் தலைக்கணக்கால் வகுக்க மறக்காதீர்கள். 1961-இல் 3.37 கோடிப் பேர், 1981-இல் 4.84 கோடி, 2011-இல் 7.21 கோடி.

பணத்தை ஒப்பிடுவது இதைவிடக் கடினம். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற வாக்குறுதி. 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி. 2011 ஜூன் முதல் அந்த ஒரு ரூபாயும் இல்லை. மூன்றையும் ஒரே வரியில் அடுக்க ஆசை வரும். ஆனால் படி கொள்ளளவு, கிலோ எடை. 1967 திட்டம் சென்னை, கோவை நகரங்களோடு நின்றது, 2008 திட்டம் மாநிலம் முழுவதும் ரேஷன் கடைகளில் நடந்தது. 1967-இன் ரூபாயும் 2008-இன் ரூபாயும் ஒன்றல்ல. விலைவாசிக் குறியீட்டு எண்ணைக் கொண்டு பெருக்குவதைவிட, அந்தந்த ஆண்டு விவசாயக் கூலியாள் ஒருவர் ஒருநாள் கூலியில் எவ்வளவு அரிசி வாங்க முடிந்தது என்று போட்டால் வாசகருக்குச் சட்டென்று புரியும்.

கல்வெட்டில் இருப்பது கடைசித் தேதி

அணைக்கரையிலும் பள்ளி வாசலிலும் இருக்கும் பளிங்குக் கல்லில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கும். அது ஒரு வேலையின் நாலாவது தேதி. முதல் மூன்றையும் தேடுங்கள்: அறிவித்தது எப்போது, அரசாணை எப்போது, பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியது எப்போது. பவானிசாகர் அணை வேலை தொடங்கியது 1948-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது. அது முடிந்தது 1955-இல். இடையே குமாரசாமி ராஜாவும் ராஜாஜியும் இருந்தார்கள். ஆக நான்கு முதல்வர்களின் கை அதில் இருக்கிறது. 1959-இல் திறந்த வைகை அணைக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதைத் தயங்காமல் காமராஜர் பக்கம் எழுதலாம். காமராஜர் காலத்து அணைகள் என்று நீளும் பட்டியல்களை இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டிப் பார்த்த பிறகும் அவர் கணக்கில் நிறையவே மிஞ்சும்.

‘இந்தியாவிலேயே முதல்முறையாக’ என்ற சொற்றொடர் வந்தால் நில்லுங்கள். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்த கருணாநிதி அரசின் 1989 திருத்தத்தைப் பலர் அப்படி எழுதுகிறார்கள். ஆந்திரம் 1986-லேயே அப்படியொரு சட்டம் போட்டுவிட்டது. சரியான வரி இப்படி இருக்கும்: 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் கேட்டது தமிழ்நாட்டில் 1989-இல் சட்டமானது, இந்தியா முழுமைக்கும் 2005-இல் வந்தது. ‘முதல்’ போனாலும் இந்த வரிக்கு எடை கூடியிருக்கிறது.

ஒரு திட்டம், பல கைகள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். தலைவர்வாரியாக எழுதுவதை விட்டு, ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு அது எந்தெந்தக் கை மாறியது என்று இடமிருந்து வலமாகப் போடுங்கள்.

பள்ளி மதிய உணவை எடுப்போம். 1920-இல் சென்னை மாநகராட்சி, நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. 1956-இல் காமராஜர் அரசு ஊரார் பங்களிப்பையும் சேர்த்துத் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதை ஊர் ஊராகக் கொண்டு போனார். 1982 ஜூலை 1-இல் எம்ஜிஆர் சத்துணவாக்கினார். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மையத்துக்கு மையம் ஆள் போட்டதால், நன்கொடை வந்தால் நடக்கும் தருமமாக இருந்தது அரசின் நிரந்தரச் செலவாக மாறியது. 1989-இல் கருணாநிதி இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தார், 2010-இல் அது வாரம் ஐந்தானது. ஜெயலலிதா 2013-இல் கலவை சாத வகைகளைக் கொண்டுவந்தார். 2022 செப்டம்பர் 15-இல் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கினார். நடுவே 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு தர ஆணையிட்டது.

இந்த வரிசையைப் போட்ட பிறகு ‘சத்துணவு யாருடையது?’ என்ற சண்டைக்கு இடமில்லை. எந்தக் கை என்ன சேர்த்தது என்று துல்லியமாகச் சொல்லலாம். காமராஜர் எண்ணத்தை மாநிலக் கொள்கையாக்கினார். எம்ஜிஆர் அதை யாரும் நிறுத்த முடியாத அளவுக்குப் பெரிதாக்கினார். கருணாநிதி தட்டில் புரதம் வைத்தார். இதில் எம்ஜிஆரின் பங்கு பலரும் நினைப்பதைவிடப் பெரியது என்பது எங்கள் கணிப்பு. பல்லாயிரம் மையங்களும் அவற்றை நம்பிய ஊழியர்களும் உருவான பிறகு எந்த அரசுக்கும் அதில் கை வைக்கத் துணிவில்லை.

இட ஒதுக்கீட்டையும் இப்படியே போடலாம். 1950-களிலிருந்து பிற்படுத்தப்பட்டோருக்கு 25, பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு 16 விழுக்காடு. 1971-இல் கருணாநிதி அரசு 31 ஆகவும் 18 ஆகவும் உயர்த்தியது. 1979-இல் எம்ஜிஆர் அரசு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு பெற ஆண்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு வைத்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் 39-இல் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 2 இடங்கள். உடனே வரம்பு போய், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 50 ஆனது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் ஒருவார சாலை மறியல், துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. 1989-இல் கருணாநிதி அரசு அந்த 50-க்குள் 20-ஐ மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குப் பிரித்தது. 1990-இல் பழங்குடியினருக்குத் தனியே 1 சேர்ந்து 69 ஆனது. 1992 மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த 50 விழுக்காடு வரம்பு அதற்கு ஆபத்தானபோது, ஜெயலலிதா அரசு தனிச்சட்டம் இயற்றி, 1994-இல் 76-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூலம், சட்டங்களை நீதிமன்ற வழக்கிலிருந்து காப்பதற்கான ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கச் செய்தது. 2009-இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு.

இதில் இரண்டு கட்டங்களை முதல்வர் யாரும் நிரப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். 1980-ஐ நிரப்பியது தேர்தல் தோல்வி, 1987-ஐ நிரப்பியது தெருவில் இறங்கியவர்கள். எந்த வரிசையிலும் ‘யார் அழுத்தம்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். அது இல்லாவிட்டால் நல்லது எல்லாம் தலைவரின் கருணையால் வந்ததாக முடிந்துவிடும். போராடியவர்களுக்கு அது பெரிய அநீதி.

வரிசை முடிந்ததும் ஒவ்வொரு திட்டத்தின் எதிரிலும் நிலை எழுதுங்கள். தொடர்ந்தது: அம்மா உணவகம், 2021-க்குப் பிறகும் நடக்கிறது. பெயர் மாறித் தொடர்ந்தது: 2009-இன் கலைஞர் காப்பீடு, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடானது. உருமாறியது: 2010-இல் திறந்த புதிய தலைமைச் செயலகம், 2014-இல் பல்நோக்கு மருத்துவமனையானது. நீதிமன்றம் காத்தது: சமச்சீர் கல்வி, 2011 ஆகஸ்ட் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிலைத்தது. கைவிடப்பட்டது: ராஜாஜியின் 1953 அரைநேரப் பள்ளித் திட்டம், எதிர்த்தவர்கள் ‘குலக்கல்வி’ என்று அழைத்தது. 1954-இல் அதை நீக்கிய காமராஜரும் காங்கிரஸ்காரர்தான் என்பதால், ‘கட்சி மாறியதால் போனது’ என்ற விளக்கம் இங்கே செல்லாது.

ஒரு எச்சரிக்கை. நிலைத்தது எல்லாம் நல்லதல்ல. 1971-இல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார், 1974-க்குள் மீண்டும் மூடினார். எம்ஜிஆர் 1981-இல் திறந்தார், 1983-இல் டாஸ்மாக் வந்தது. 2003-இல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அதனிடம் கொடுத்தார். பின்னர் வந்த எந்த ஆட்சியும் அதை விடவில்லை. நிலைத்தது என்பதை முதலில் எழுதி, யாருக்கு என்ன செய்தது என்பதை அடுத்துத் தனியே எழுதுங்கள்.

கழித்தல் பத்தி

ஒரு தலைவரின் ஆட்சியில் நடந்த தவறுகளையும் கொடுமைகளையும் சொல்வது கழித்தல் பத்தி. பிடித்த தலைவருக்கு இந்தப் பத்தியே இல்லாமல் எழுதுவதும், பிடிக்காதவருக்கு இதை மட்டும் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. இருவருக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். உயிர்ப்பலி என்றால் மூன்று வகை: அரசின் ஆட்களே செய்தது, அரசு தடுக்கத் தவறியது, நடந்த பிறகு அரசு நடந்துகொண்ட விதம். 1957 கீழத்தூவலில் போலீஸ் சுட்டு 5 பேர் இறந்தது காமராஜர் காலம். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது அண்ணா காலம். அதைச் செய்தவர்கள் நிலக்கிழார் தரப்பினர் என்பதால் இரண்டாம் மூன்றாம் வகையில் வரும். 1992 வாச்சாத்தியில் வன்கொடுமை செய்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்களே, அது ஜெயலலிதா காலம். 1999 ஜூலை 23 தாமிரபரணிக் கரையில் மாஞ்சோலைத் தொழிலாளர் பேரணியில் 17 பேர் மாண்டது கருணாநிதி காலம். வகையைக் குறிக்காமல் எண்ணிக்கையை மட்டும் அடுக்கினால் படிப்பவர் தவறான முடிவுக்குப் போவார்.

ஊழல் வழக்குகளில் எந்தப் படி என்று எழுதுங்கள்: விசாரணை ஆணையம், குற்றப்பத்திரிகை, தண்டனை, மேல்முறையீடு. கருணாநிதி ஆட்சி மீதான ஊழல் புகார்களை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன் ஒரு விசாரணை ஆணையம், அதன் அறிக்கையைத் தீர்ப்பு என்று எழுதக்கூடாது. ஜெயலலிதா சொத்து வழக்கில் 2014 செப்டம்பர் 27-இல் தண்டனை, 2015 மே 11-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பை மீட்டது. அவர் ஏற்கெனவே மறைந்துவிட்டதால் அவர்மீதான வழக்கு அற்றுப்போனது. இந்த நான்கில் ஒன்றை விட்டாலும் வரி பொய்யாகிவிடும்.

எழுத உட்காரும்போது

பட்டங்களை நீக்குங்கள். ஒருவர் ‘பெருந்தலைவர்’, மற்றவர் வெறும் பெயர் என்றால் தராசு முதல் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டது. இருவருக்கும் ஒரே மரியாதை விகுதி.

பெயரடையை எடுத்துவிட்டு வினையை வையுங்கள். ‘கல்விக்கண் திறந்த காமராஜர் தமிழகமெங்கும் பள்ளிகளைத் திறந்தார்’ என்பது பேச்சுப் போட்டி வரி. அதையே இப்படி மாற்றலாம்: ‘1954 ஏப்ரலில் பதவியேற்ற காமராஜர், அரைநேரப் பள்ளித் திட்டத்தை அந்த ஆண்டே நீக்கினார். 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார். அதை 26 ஆண்டு கழித்து எம்ஜிஆர் பெரிதாக்கினார், அதன்பின் வந்த ஆட்சிமாற்றங்கள் எதுவும் அதை நிறுத்தவில்லை.’ மூன்று வரியில் ஒரு புகழ்ச்சொல்கூட இல்லை. காமராஜரின் மதிப்பு இதில் கூடித்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகளைத் தொடாதீர்கள். ஒரு தலைவர் சொன்னதாக மேற்கோள் போட்டால் தேதியும் இடமும் வேண்டும். சட்டமன்றத்தில் பேசியது என்றால் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கும். ஒரு துறை அந்த ஆண்டு என்ன செய்தது என்பதற்கு மானியக் கோரிக்கையின் கொள்கை விளக்கக் குறிப்பு. பழைய அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், பழைய நாளிதழ்களுக்கு கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கட்சி வெளியிட்ட மலர்கள் தேதி அறிய உதவும், மதிப்பீட்டுக்கு உதவாது.

எழுதி முடித்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு தலைவரின் ஆதரவாளர் ஒருவரிடமும் ஒன்று கொடுங்கள். ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். தவறான தேதி, தவறான எண், விட்டுப்போன நிகழ்ச்சி ஆகியவற்றை மட்டும் சிவப்புப் பேனாவால் சுழிக்கச் சொல்லுங்கள். ஒருவருடைய பிரதியில் மட்டும் சுழிகள் குவிந்தால், அந்தத் தலைவரைப் பற்றி நீங்கள் குறைவாகப் படித்திருக்கிறீர்கள். அவருடைய நாட்காட்டித் தாளுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.